அடுப்படியில் நிற்கிறவர் எந்த ஊர்?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், லோரன்ஸ் வீதி கிழக்கில், ஒரு சலவைக் கடைக்கும் வரிக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கும் நடுவில் இருந்த சீனச் சாப்பாட்டுக் கடைக்குள் நாங்கள் முதன்முதலாக நுழைந்தது 2002 பனிக்காலத்தில். காசு மேசைக்குப் பின்னால் நின்ற வயதான சீனர் எங்களைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். வேறு யாரையோ கேட்கிறாராக்கும் என்று இவர் (என் கணவர்) பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் கதவுதான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்களுக்கு இந்தி எங்கே தெரியப் போகிறது? அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறினார். "ட்ரையா, கிரேவியா?" என்று கேட்டார். அதுவும் எங்களுக்கு விளங்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்ட சில்லி சிக்கனில் பச்சை மிளகாய், உள்ளி, இஞ்சி எல்லாம் கண்ணுக்குத் தெரியக் கிடந்தன. சோயா சோஸ் மணத்தது. ஆனால் உறைப்பு எங்கள் வீட்டு உறைப்பு. கனடா வந்த நாளில் இருந்து சீனச் சாப்பாடு என்றால் சிவப்பு நிறத்தில் தித்திப்பாக ஒன்று என்று நினைத்திருந்த எனக்கு, இது எந்தச் சீனா என்று பிடிபடவில்லை.

அது கொல்கத்தாச் சீனா. ஐந்தாறு வருடம் போய் வந்த பிறகு, கடை வெறிச்சோடிக் கிடந்த பின்னேரங்களில் அந்தப் பெரியவர் துண்டு துண்டாகச் சொன்னவைதான் இவை. கொல்கத்தாவின் கிழக்கே டாங்க்ரா என்ற பகுதியில் ஹக்கா இனச் சீனர்கள் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நடத்தினார்கள். தோல், சப்பாத்து இரண்டும் அவர்கள் கையில் இருந்த தொழில்கள். தங்களுக்குச் சமைத்த சாப்பாட்டில் அந்த ஊர் மிளகாயும் மசாலாவும் மெல்ல மெல்ல ஏறின. 1962இல் இந்தியாவும் சீனாவும் சண்டை பிடித்தபோது, இந்தியாவில் இருந்த சீனர் சுமார் 3000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் பல வருடம் உள்ளே கிடந்தார்கள். வெளியே வந்த பிறகும் சந்தேகக் கண் போகவில்லை. அப்புறம் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியதில், பெரிய பங்கு வந்து சேர்ந்த இடம் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பகுதிகள். ஹக்கா என்ற சொல்லுக்கே விருந்தாளிக் குடும்பம் என்றுதான் அர்த்தமாம். இதைச் சொல்லிவிட்டு அவர், "நீங்களும் அதுதானே" என்றார். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து ஸ்காபரோவை நிறைத்த எங்கள் சனத்தை அவர் நன்றாகவே கவனித்திருக்கிறார்.

மஞ்சூரியன் கதையையும் அவரிடம்தான் கேட்டேன். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சீனச் சமையற்காரர் 1975இல் மும்பையில் கோழித் துண்டைப் பொரித்து, இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய் வதக்கி, அதற்குக் கரம் மசாலா போடாமல் சோயா சோஸும் சோளமாவும் விட்டு இறக்கியது என்றுதான் பரவலாகச் சொல்வார்கள். ஏஷியன் ஃபியூஷன் என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளும் கடைகளுக்குப் பல வருடம் முன்னாலேயே இந்தக் கலப்பு நடந்துவிட்டது. ஹக்காக் கடைகள் தங்களை ஃபியூஷன் என்று சொல்லிக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

இவ்வளவையும் சொல்லக் காரணம், இருபது வருடத்துக்கு மேலாக ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று குடும்பத்தோடு அலைந்து சாப்பிட்டதில் எனக்குக் கைவந்த ஒரே விதி இதில் இருந்துதான் வந்தது. மெனுவைப் பார்க்க முன்னம், அடுப்படியில் நிற்கிறவர் எந்த ஊர் என்று பார்.

இந்தப் பக்கத்துக் கடைகளின் மெனுவில் இருநூறு சாப்பாடு இருக்கும். ஹக்கா நூடில்ஸ், பட் தாய், சுஷி, பட்டர் சிக்கன், நாசி கொரெங், கொரியன் கோழி. எந்த அடுப்படியாலும் இருநூறையும் நன்றாகச் சமைக்க முடியாது. பத்தோ பதினைந்தோ அந்தச் சமையற்காரர் கை பழகினவை, மிச்சம் வாடிக்கையாளர் கேட்டதால் சேர்ந்தவை. ஒருமுறை, மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு ஹக்காக் கடையில் பட் தாய் எடுத்தேன். புளி இருக்க வேண்டிய இடத்தில் தக்காளி சோஸ் இருந்தது. அதே மேசையில் இவர் எடுத்த சில்லி பனீர் அருமை. பிழை கடையில் இல்லை, கேட்ட என்னில்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நேரே கேட்பதுதான் சுலபம். "சமைக்கிறவர் எங்கே பழகினவர்?" என்று கேட்டால் யாரும் கோபிப்பதில்லை, அநேகமாகச் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்கக் கூச்சம் என்றால், மெனுவில் மற்றக் கடைகளில் காணாத பெயர் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் கையால் எழுதி ஒட்டியிருப்பதைப் பாருங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் போனால் வேலையாட்கள் மூலை மேசையில் இருந்து சாப்பிடுவார்கள், அவர்கள் கோப்பையில் இருப்பதைக் காட்டி "அது கிடைக்குமா?" என்று கேட்டு நாங்கள் ஒருபோதும் ஏமாந்ததில்லை. எங்கள் ஆட்களின் டேக் அவுட் கடைகளுக்கும் இதே கணக்குத்தான். கொழும்பில் சைனீஸ் கடையில் நின்று பழகினவர் என்றால் டெவில் கோழி, ஹொட் பட்டர் கணவாய், மிக்ஸ்ட் ஃபிரைட் ரைஸ் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அதுவும் ஒரு கலப்புச் சாப்பாடுதான், நாங்கள் அதை ஊர்ச் சாப்பாடு என்றே நினைத்து வளர்ந்துவிட்டோம்.

சரி, இனி அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மா 2011இல் எங்களோடு வந்து சேர்ந்தார். மற்ற நாளில் மீன், இறால், கோழி எல்லாம் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை சைவம், கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம். ஒரு வெள்ளி பின்னேரம், மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் மார்க்கத்தில் ஒரு புது மாதிரிக் கடைக்குப் போனோம். குமிழ் விளக்கு, மர மேசை, சின்னச் சின்னக் கோப்பை. அம்மாவுக்குக் கத்தரிக்காயும் டோஃபுவும் போட்ட ஒன்றை எடுத்தோம். வெஜிடேரியன் என்று பரிமாறிய பிள்ளையிடம் கேட்டேன், ஓம் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதற்குள் இறைச்சி இல்லைதான்.

அம்மா பாதி சாப்பிட்டுவிட்டு, "கத்தரிக்காய் நல்ல பதமாய் இருக்கு, என்ன போட்டவை எண்டு கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். ஒயிஸ்டர் சோஸ் என்றாள்.

"ஒயிஸ்டர் எண்டா மட்டியெல்லே?" என்றார் அம்மா. மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி விடு, முருகன் பாத்துக்கொண்டுதானே இருந்தவர், ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். நாங்கள் சிரித்தோம், ஆனால் அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் வெஜிடேரியன் என்ற சொல்லை நம்புவதை விட்டேன். அந்தச் சொல் சமையலறைக்குப் போய்ச் சேரும்போது இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சுருங்கிவிடுகிறது. பதிலாகப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். சீனக் கடை என்றால் ஒயிஸ்டர் சோஸ் போடுவீர்களா, சூப்பின் தண்ணீர் கோழி எலும்பில் காய்ச்சியதா. தாய், வியட்நாம் கடை என்றால் மீன் சோஸ். தாய்க் கறிக் கூட்டில் பெரும்பாலும் இறால் விழுது அரைபட்டே வரும், அதைப் பிறகு எடுக்க முடியாது. மலேசியச் சம்பலிலும் அப்படித்தான், அவர்கள் பெலாச்சான் என்பார்கள். கொரியன் கிம்சி பார்த்தால் எங்கள் ஊறுகாய் மாதிரித் தெரியும், பெரும்பாலும் அதற்குள்ளே மீன் சோஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும்.

யப்பான் மிசோ சூப் இன்னும் வேடிக்கை. சோயாவில் செய்த சூப் என்று அம்மாவுக்கு வைத்தால், ஒரு முறை முகர்ந்துவிட்டு, "மாசி மணக்குது" என்றார். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் அம்மா சொன்னது அப்படியே சரி. அந்தச் சூப்பின் அடித் தண்ணீரை அவர்கள் காய்ச்சுவது சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காய வைத்த கட்டையைச் சீவி. மாலைதீவில் இருந்து வரும் எங்கள் மாசிக் கருவாடும் அதே சூரைதான். மாலைதீவும் யப்பானும் ஒரே மீனை ஒரே மாதிரிக் காயவைத்திருக்கின்றன. சம்பலில் மாசி இடித்துப் பழகின மூக்குக்குத்தான் அது தெரிந்தது.

கடைசிக் கேள்வி எண்ணெய்ச் சட்டி. மரக்கறிப் பக்கோடாவும் இறாலும் ஒரே எண்ணெயில் பொரிபடும் கடைதான் அதிகம். சிறிய கடைகளில் ஒரே ஒரு பொரிக்கும் சட்டிதான் இருக்கும், அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மாவுக்கு அது ஒத்துவராது என்றால் பொரித்ததை விட்டுவிட்டு வதக்கியதை எடுக்க வேண்டியதுதான். தாச்சியைக் கழுவிவிட்டுச் சமைத்துத் தர முடியுமா என்று கேட்டால் ஆள் குறைந்த நேரத்தில் செய்து தருகிறார்கள். இது விரதக்காரருக்கு மட்டும் இல்லை. கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் இதே கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. அப்போது பரிமாறுகிறவரோடு நிற்காமல், சமைக்கிறவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பதில் இழுபட்டால் எழும்பி வந்துவிட வேண்டும்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் பௌத்த சைவக் கடைகளைத் தேடிப் போகிறோம். வியட்நாம் கடைகளில் 'சாய்' என்று எழுதியிருந்தால் சைவம் என்று பொருள். சில இடங்களில் வெங்காயமும் உள்ளியும்கூடப் போட மாட்டார்கள். அம்மாவுக்கு அங்கே வேறு பிரச்சினை வந்தது. சோயாவில் வாத்து இறைச்சி மாதிரியே செய்து, தோல் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடுக்கும் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் எட்டுப் பேர் போனால் எட்டுச் சாப்பாடு எடுத்துப் பாதியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு. ஹக்காக் கடைக் கோப்பை ஒன்று இரண்டு பேருக்குக் காணும். எட்டுப் பேருக்கு நூடில்ஸ் ஒன்று, சோறு ஒன்று, கிரேவி ஒன்று, ட்ரை ஒன்று, மரக்கறி ஒன்று போதும். ட்ரை, கிரேவி என்று அந்தப் பெரியவர் கேட்டதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. கிரேவி என்றால் சோளமாக் கரைசல் விட்டுத் தடிப்பாக்கியது, சோற்றோடு பிசைய. ட்ரை என்றால் பொரித்ததில் சோஸ் ஒட்டும் அளவுக்குப் பிரட்டியது, கையில் எடுத்துக் கடிக்க. எல்லாவற்றையும் கிரேவி என்று சொல்லிவிட்டால் மேசை முழுவதும் ஒரே பழுப்பு நிறம், ஒரே சுவை. நாங்கள் சொல்லியிருக்கிறோம்.

சனிக்கிழமை இரவு ஏழரைக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம். தாச்சிச் சமையலின் உயிர் நெருப்பின் வேகம். மெல்லிய இரும்புத் தாச்சி பெரிய எரிவாயு அடுப்பில் காய்ந்து கிடக்க, கொஞ்சமாகப் போட்டு உடனே பிரட்டி எடுத்தால்தான் அந்தப் புகை வாசம் வரும். நான்கு மேசைக்கு உரிய நூடில்ஸை ஒன்றாகப் போட்டால் தாச்சி ஆறிப்போய், வதங்காமல் தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். அதே கடை, அதே சமையற்காரர், செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வேறு சாப்பாடு. உறைப்பும் அப்படி யோசித்துச் சொல்ல வேண்டியது. இவர் வீரம் காட்ட எல்லாவற்றையும் ஹொட் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் வெறும் சோறு தின்ற நாட்கள் உண்டு. மீடியம் என்று சொல்லிவிட்டு, வினாகிரியில் ஊறிய பச்சை மிளகாயைத் தனியாகக் கேட்டால் அவரவர் வயிற்றுக்கு ஏற்றபடி போட்டுக்கொள்ளலாம்.

அஜினமோட்டோ பற்றி எங்கள் சனத்துக்கு இருக்கும் பயம் எனக்கு இல்லை. எனக்குப் பயம் உப்பில். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இவருக்குப் பிரஷர் வந்த பிறகு, சோஸைக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்கிறோம், சூப் எடுப்பதில்லை. கடைக்குப் போகும் நாளில் பகல் வீட்டில் உப்பில்லாத கஞ்சி. இவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனிக் காசு. ஒன்ராறியோவில் கடைச் சாப்பாட்டுக்கு 13 விழுக்காடு வரி என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அடி வாங்கியது டிப்ஸில். மகனின் பிறந்தநாளுக்கு எட்டுப் பேர் போன ஒரு கடையில் சாப்பாடு 240 டொலர். ஆறு பேருக்கு மேல் என்றால் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் தானாகச் சேரும் என்று மெனுவின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அது 43 டொலர் 20 சதம். கட்டாயக் கட்டணம் என்பதால் அதற்கும் வரி. எல்லாம் சேர்த்து 320 டொலர் 2 சதம். பிறகு கார்ட் இயந்திரத்தைக் கையில் தந்தார்கள். அது 18, 20, 25 என்று கேட்டது. இவர் வழக்கம்போல 18ஐ அழுத்தினார், இன்னொரு 57 டொலர் 60 சதம் போனது. காரில் ஏறிப் பற்றுச்சீட்டைப் பார்த்தபோதுதான் ஒரே மேசைக்கு நூறு டொலருக்கு மேல் டிப்ஸ் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்க இவருக்கு வெட்கம். எனக்கு வெட்கம் இல்லை, ஆனால் பின் இருக்கையில் பிறந்தநாள் பிள்ளை இருந்தான்.

ஆகவே, கூட்டமாகப் போனால் பில்லை வரி வரியாக வாசியுங்கள். இயந்திரத்தில் விழுக்காட்டை அழுத்தாமல் தொகையை நீங்களே அடிக்கலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பல இயந்திரங்கள் வரி சேர்ந்த தொகைக்குத்தான் விழுக்காடு போடுகின்றன. நூறு டொலர் சாப்பாட்டுக்கு 18 டொலர் என்று நினைத்து அழுத்தினால் 20 டொலர் 34 சதம் போகும். நான் இருந்து சாப்பிட்டால் டிப்ஸ் சாப்பாட்டு விலையில் 15 விழுக்காடு, நல்ல கவனிப்பு என்றால் அதற்கு மேல். நின்று வாங்கிக்கொண்டு போவதற்கு ஒன்றிரண்டு டொலர். இதில் என்னோடு சண்டை பிடிக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது. மகள் இப்படி ஒரு கடையில் இரண்டு கோடை வேலை செய்தவள். "அம்மா, பதினைந்து காணாது" என்பாள்.

வேண்டியமட்டும் சாப்பிடும் கடைகளுக்கு இளசுகள் இருந்தால் போகத்தான் வேண்டும். வார இறுதி இரவில் ஆளுக்கு முப்பது டொலருக்கு மேல். மிச்சம் வைத்தால் தண்டம். சோறு சுற்றிய உருளைகளை முதல் சுற்றிலேயே அடுக்கினால் வயிறு அங்கேயே முடிந்தது. இரண்டு இரண்டாகச் சொல்லி எடுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் மற்றவர்களின் மிச்சத்தையும் தண்டத்துக்குப் பயந்து சாப்பிட்டு முடிப்பார்.

ரொறன்ரோ எல்லைக்குள் என்றால், கதவடியில் ஒட்டியிருக்கும் சுகாதாரப் பரிசோதனை அட்டையையும் பார்ப்பேன். பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் திருத்த வேண்டியவை இருக்கின்றன, சிவப்பு என்றால் பூட்டு. ஸ்காபரோ 1998இல் ரொறன்ரோவோடு இணைந்ததால் இங்கேயும் அதே அட்டை. மஞ்சளைக் கண்டு நான் ஓடுவதில்லை, என்ன பிழை என்று நகரசபையின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.

கட்டிக்கொண்டு வரும்போது பொரித்ததன் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஆவி உள்ளே நின்றால் வீடு வரமுன் நமுத்துவிடும். சோறும் நூடில்ஸும் இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். இரவு முழுவதும் மேசையில் விட்ட ஃபிரைட் ரைஸைச் சூடாக்கிச் சாப்பிட்டு எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கப் படுத்தார்கள். வெளியில் கிடந்த சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு, சூடாக்கினாலும் போகாது.

மிச்ச நூடில்ஸுக்கு அம்மாவிடம் ஒரு வழி இருக்கிறது. அடுத்த நாள் காலை தாச்சியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நூடில்ஸைப் போட்டுப் பிரட்டி, இறக்கும்போது கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. ஒரு முறை புதிதாகவே அப்படிச் செய்து, ஒரு பெட்டியில் போட்டு, "அந்த ஐயாவுக்குக் குடுப்பம்" என்று பிடிவாதமாகக் கொண்டுவந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நூடில்ஸ் கடைக்காரருக்கு நூடில்ஸ்.

பெரியவர் காசு மேசையில் நின்றபடியே பெட்டியைத் திறந்து ஒரு வாய் வைத்தார். ஒரு இலையை விரலால் எடுத்துப் பார்த்து, "கரி பத்தா" என்றார். அவர் பேசிய இந்தியில் எங்களுக்கு விளங்கிய முதல் சொல் அது. இன்னொரு வாய் எடுத்தார். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்து, "உப்புக் காணுமோ எண்டு கேள் பிள்ளை" என்றார்.